பன்னிரண்டு வட்டங்கள், எட்டுக் கம்பிகள்: காண்டின்ஸ்கி ஓவியம் ஒரு குடைக்கு வந்த விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

அரூப ஓவியங்களை அச்சிட்டு விற்கப்படும் குடைகளில் அடிக்கடி கண்ணில் படுவது, வாசிலி காண்டின்ஸ்கி 1913-ல் வரைந்த வண்ணப் பயிற்சி ஒன்றைத் தாங்கிய குடை. சதுரங்களுக்குள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளரும் வண்ண வட்டங்களைக் கொண்ட ஓவியம் அது. அத்தகைய குடை ஒன்றை முன்வைத்து இந்த ஆய்வு மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறது. தட்டையான தாளில் வரையப்பட்ட ஓவியம் வளைந்த, துண்டு துண்டாகத் தைக்கப்பட்ட பரப்புக்கு மாறும்போது அதில் எது தங்குகிறது, எது போகிறது, போவதில் எதைத் தடுக்க முடியும்? ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மடிப்பில்லாத நீள்தண்டுக் குடை. அதில் எட்டுக் கம்பிகளும் எட்டுத் துணித்துண்டுகளும் உள்ளன. கம்பியின் நீளம் 60 செ.மீ.; விரித்த நிலையில் எதிரெதிர்க் கம்பி முனைகளுக்கு இடையே சுமார் 104 செ.மீ. உள்ளது.

மூல ஓவியம்

காண்டின்ஸ்கி மாஸ்கோவில் 1866-ல் பிறந்து, சட்டமும் பொருளியலும் படித்து, முப்பது வயதில் பேராசிரியர் பணி வாய்ப்பைத் துறந்து ஓவியம் கற்க மியூனிக் நகருக்குச் சென்றவர். இந்த ஓவியத்தை வரைந்த காலத்தில் அவர் காட்சிப் பொருள்களை விட்டு விலகி, வண்ணமும் வடிவமும் மட்டுமே பேசும் ஓவியத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். நீர்வண்ணம், குவாஷ் எனப்படும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணம், கிரேயான் ஆகியவற்றால் தாளில் வரையப்பட்ட இந்த ஓவியத்தின் அளவு சுமார் 24 × 32 செ.மீ. மட்டுமே. மூன்று வரிசைகளில் நான்கு நான்காகப் பன்னிரண்டு சதுரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 செ.மீ. பக்கம் கொண்டது. வட்டங்கள் கருவி வைத்துப் போட்டவை அல்ல. கையின் போக்கில் சற்றே கோணி, ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் கசிந்து நிற்பவை.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல் காண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது அங்கேயே தங்கிவிட்ட அவருடைய படைப்புகளைக் காத்தவர் ஓவியர் காப்ரியேலே முன்டர். அரூப ஓவியத்தைச் சீரழிந்த கலை என்று நாஜி அரசு முத்திரை குத்திய ஆண்டுகளிலும் அவர் அவற்றை முர்னாவ் நகரிலிருந்த தம் வீட்டில் மறைத்து வைத்திருந்து, 1957-ல் மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். இந்த வண்ணப் பயிற்சியும் அந்த நன்கொடையின் வழியே அங்குச் சேர்ந்ததுதான். குடையில் அச்சேறிய வட்டங்களைப் பார்க்கும் ஒருவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அந்த வட்டங்களை வெட்டி ஒட்டும் வடிவமைப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இந்த ஓவியம் ஒரு பயிற்சி என்பதை மறக்கக் கூடாது. ஒரு நிறத்தின் அருகில் மற்றொரு நிறத்தை வைத்தால் இரண்டும் எவ்வாறு மாறித் தோன்றுகின்றன என்பதை ஓவியர் தமக்குத் தாமே சோதித்துப் பார்த்த தாள் இது. அண்டை நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றும் என்ற உண்மையை முறைப்படுத்தி 1839-ல் நூலாக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல். பாரிஸின் கோப்லின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த அவரிடம் கறுப்புச் சாயம் வலுவிழந்து தெரிகிறது என்ற புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது குறை சாயத்தில் இல்லை, அருகிலிருந்த நிறங்களின் விளைவு அது என்று அவர் கண்டார். துணியில் பிறந்த அந்த அறிவு தாளுக்குச் சென்று, இப்போது குடையின் வழியே துணிக்கே திரும்பியிருக்கிறது. ஆகவே இந்த ஓவியத்தில் காக்கப்பட வேண்டியது தனித்தனி வட்டத்தின் அழகு மட்டுமன்று. எந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் எந்தச் சதுரம் நிற்கிறது என்ற அண்டை உறவும்தான். இந்த ஆய்வில் வரும் மதிப்பீடுகள் அனைத்தும் இதையே அளவுகோலாகக் கொண்டவை.

துணியின் கணக்கு

குடைத்துணி ஒரே துணி அன்று. கம்பிக்கு ஒன்றாக முக்கோணத் துண்டுகளை வெட்டி, பக்கவாட்டில் இணைத்துத் தைத்து, தையல்களைக் கம்பிகளின் மேல் அமர்த்துகிறார்கள். நமது குடையில் ஒவ்வொரு துண்டும் உச்சியிலிருந்து 60 செ.மீ. இறங்கி, அடி விளிம்பில் சுமார் 40 செ.மீ. அகலம் பெறுகிறது. துண்டின் பக்கங்கள் நேர்கோடுகளாக இல்லாமல் மெல்ல வெளிப்புறம் வளைந்திருக்கும்; அந்த வளைவுதான் விரிந்த குடைக்குக் கவிகை வடிவத்தைத் தருகிறது. தட்டையான வட்டத் தாள் ஒன்றைக் குடையின் மேல் போர்த்தினால் விளிம்பில் சுருக்கம் விழுவதற்குக் காரணமும் இதுவே. உச்சியைச் சுற்றித் தேவைப்படும் துணிக்கும் விளிம்பில் தேவைப்படும் துணிக்கும் உள்ள விகிதம் தட்டை வட்டத்தின் விகிதமாக இருப்பதில்லை.

பரப்பு எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு வட்டத்தில் ஆரத்தின் உட்பாதிக்குள் அடங்குவது மொத்தப் பரப்பில் கால் பங்குதான். முக்கால் பங்கு வெளிப்பாதியில் கிடக்கிறது. குடையிலும் ஏறத்தாழ இதே நிலைதான். உச்சியருகே வைக்கப்படும் வடிவம் எதுவாயினும் ஒடுங்கிய ஆப்பாகிவிடும். கண்ணுக்குப் புலப்படும் ஓவியம் கீழ்ப்பாதியிலேயே அமையும். 60, 60, 40 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் விட்டம் சுமார் 28 செ.மீ. மூலத்தில் 8 செ.மீ. சதுரத்தில் இருந்த வட்டம் குடையில் மூன்றரை மடங்கு பெரிதாகலாம் என்பது இதன் பொருள்.

இந்தத் துணியின் மேல் காண்டின்ஸ்கியின் ஓவியத்தை ஏற்றுவதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. முழு ஓவியத்தையும் பெரிதாக்கிக் குடை முழுவதும் பரப்புவது முதல் வழி. அப்போது தையல்கள் சதுரங்களின் குறுக்கே தம் விருப்பப்படி ஓடுகின்றன. நான்கு மூலைச் சதுரங்கள் எண்கோண விளிம்புக்கு வெளியே விழுந்து வெட்டுப்படுகின்றன. உச்சி ஆணி ஓவியத்தின் நடுவில், எந்த வட்டத்துக்கும் மையமாக இல்லாத ஓரிடத்தைத் துளைத்து நிற்கிறது. ஏதேனும் ஒரு வட்டத்தை மட்டும் எடுத்து எட்டுத் துண்டுகளிலும் திரும்பத் திரும்ப அச்சிடுவது இரண்டாவது வழி. தயாரிப்பாளருக்கு எளிதானது இதுவே, ஒரே அச்சில் எட்டையும் வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் அண்டை நிறத்தைச் சோதிக்க வரைந்த ஓவியத்தில் ஒரு சதுரத்தை அதன் நகலுக்கே அண்டையாக்குவது, ஓவியத்தின் நோக்கத்தையே நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். ஒவ்வொரு துண்டிலும் வெவ்வேறு வட்டத்தை அமைப்பது மூன்றாவது வழி. ஆய்வுக்கு எடுத்த குடை இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றிலும் இதுவே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனெனில் இங்கே தையல் ஓவியத்தை வெட்டவில்லை. மூலத்தில் சதுரத்துக்கும் சதுரத்துக்கும் இடையே இருந்த எல்லைக்கோட்டின் வேலையைத் தையல் ஏற்றுக்கொள்கிறது.

இதற்கு ஆடை வடிவமைப்பில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் 1965-ல் டச்சு ஓவியர் மோந்திரியானின் ஓவியங்களை ஒட்டி அமைத்த ஆடைகளில் கறுப்புக் கோடுகளும் வண்ணக் கட்டங்களும் துணியின் மேல் அச்சிடப்படவில்லை. தனித்தனி வண்ணத் துணிகள் வெட்டி இணைக்கப்பட்டன. உடலின் வளைவுக்குத் தேவையான தையல்கள் அந்தக் கோடுகளுக்குள்ளேயே ஒளிந்துகொண்டன. தையலை மறைக்க முயலாமல் அதையே ஓவியத்தின் கோடாக்கியதால்தான் அந்த ஆடை வெற்றி பெற்றது. அதே மோந்திரியானைக் குடைக்குக் கொண்டுவந்தால் நிலைமை வேறாகிவிடும். கிடைக்கோடும் நிலைக்கோடும் செங்கோணத்தில் சந்திப்பதே அவருடைய ஓவியத்தின் அடிப்படை. குடையிலோ எட்டுத் தையல்களும் மையத்திலிருந்து சாய்ந்து பிரிகின்றன, விளிம்பும் வளைகிறது. எந்தக் கோடும் நேராக நிற்க இடமில்லை. குடைக்கு எந்த ஓவியரைத் தேர்ந்தெடுப்பது என்பது புகழைப் பார்த்துச் செய்ய வேண்டிய முடிவன்று. மையத்திலிருந்து விரியும் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும் ஓவியமா என்பதே முதல் கேள்வி. காண்டின்ஸ்கியின் வட்டங்கள் அந்தக் கேள்வியில் இயல்பாகத் தேறிவிடுகின்றன.

பன்னிரண்டு எட்டாகும்போது

ஆனால் சதுரங்கள் பன்னிரண்டு, துண்டுகள் எட்டு. ஆய்வுக்கு எடுத்த குடையின் முதன்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அதன் வடிவமைப்பாளர் எட்டு வட்டங்களைத் தனித்தனியாகத் தேர்ந்து, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வகையில் வரிசைப்படுத்தியிருக்கிறார். மூலத்தில் அடுத்தடுத்து இருந்தவை குடையில் எதிரெதிர்ப் பக்கங்களுக்குப் போய்விட்டன; மூலத்தில் ஒன்றையொன்று தொடாதவை இங்கே ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன.

கணக்கிட்டுப் பார்த்தால் இழப்பு தெளிவாகும். மூன்று வரிசை, நான்கு நிரல் கொண்ட கட்டத்தில் சதுரங்கள் பக்கம் தொட்டு நிற்கும் எல்லைகள் 17. கிடையாக அடுத்தடுத்து நிற்பவை 9, மேல்கீழாக நிற்பவை 8. எட்டுத் துண்டுக் குடையில் இருக்கும் எல்லைகளோ எட்டுத் தையல்கள் மட்டுமே. எனவே எப்படி அமைத்தாலும் 9 எல்லைகள் போய்த்தான் ஆக வேண்டும். மிஞ்சும் எட்டும் மூலத்தில் உள்ளவையாகவே இருக்கச் செய்ய முடியுமா என்றால், முடியும். அடுத்தடுத்த மூன்று நிரல்களை எடுத்துக்கொண்டால் ஒன்பது சதுரங்கள் கிடைக்கும். நடுச் சதுரத்தை விட்டுவிட்டுச் சுற்றுப்புற எட்டையும் அதே வரிசையில் குடையைச் சுற்றி அமைத்தால், எட்டுத் தையல்களிலும் காண்டின்ஸ்கி அருகருகே வைத்த நிறங்களே அருகருகே நிற்கும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. துணித்துண்டுகளைத் தைக்கும் வரிசையை மாற்றுவதும், வேறு ஓரிரண்டு வட்டங்களைத் தேர்வதும் போதும். அவ்வளவு அருகில் இருந்த தீர்வு கைநழுவிப் போயிருப்பது வருத்தம் தருகிறது.

துண்டின் வடிவமும் ஓவியத்தை மாற்றுகிறது. சதுரத்துக்குள் இருந்த வட்டத்தை முக்கோணத்துக்குள் வைக்கும்போது, சதுரத்தின் நான்கு மூலைகளில் இருந்த நிறங்களுக்கு இடம் போதாது. மாறாக உச்சிப் பக்கத்து ஒடுங்கிய பகுதியில் மூலத்தில் இல்லாத பரப்பு ஒன்று புதிதாக நிரப்பப்பட வேண்டியிருக்கிறது. இந்தக் குடையில் வெளி வட்டத்தின் நிறமே உச்சிவரை நீட்டப்பட்டிருக்கிறது. அடக்கமான, பொருத்தமான முடிவு இது. ஆயினும் அந்தப் பரப்பு காண்டின்ஸ்கி தீட்டியதன்று என்பதால், அவருடைய ஓவியம் என்று சொல்லாமல் அவருடைய ஓவியத்தைத் தழுவியது என்று குறிப்பதே முறை.

இன்னொரு நுட்பமும் உண்டு. விரிந்த குடையில் துணி இழுபட்டு நிற்கிறது; நெசவின் குறுக்குச் சாய்வில் துணி அதிகமாக நீளும், நூலோட்டத்தின் திசையில் குறைவாக நீளும். வெட்டுமேசையில் சரியான வட்டமாக இருந்தது விரித்த குடையில் முட்டை வடிவமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அதைச் சரிசெய்ய, மாதிரித் துண்டு ஒன்றில் கட்டக்கோடுகளை அச்சிட்டு, தைத்து, விரித்து, எங்கே எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, அச்சுக்கோப்பில் எதிர்த்திசையில் திருத்தம் செய்ய வேண்டும். கையால் வரைந்த கோணல் வட்டங்கள் என்பதால் சிறு பிசகு தெரியாது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஓவியரின் கை ஏற்படுத்திய கோணலும் துணி ஏற்படுத்திய கோணலும் ஒன்றல்ல. எட்டுத் துண்டுகளிலும் ஒரே திசையில் நீண்டிருக்கும் வட்டங்களைப் பார்த்தவுடன் கண் அதைக் கண்டுகொள்கிறது.

அச்சு

பாலியஸ்டர் துணிக்கு இன்று பெரிதும் பயன்படுவது சப்ளிமேஷன் அச்சு. தாளில் அச்சிட்ட சாயத்தை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் துணியோடு அழுத்தினால், சாயம் ஆவியாகி இழைக்குள் நுழைந்து தங்கிவிடுகிறது. சாயம் துணியின் மேல் படலமாக நிற்காததால், குடையைச் சுருட்டி மடிக்கும்போது வெடித்து உதிர்வதில்லை. நீர்வண்ணத்தின் கசிவையும் கிரேயானின் சொரசொரப்பையும் காட்டவல்ல நுணுக்கமும் இதில் உண்டு. நிறத்துக்கு ஒரு சட்டமாக அச்சிடும் திரை அச்சு மோந்திரியான் போன்ற தட்டை நிறங்களுக்குப் பொருந்தும். இந்த ஓவியத்தில் அது கசிவுகளை எல்லாம் கூர்மையான விளிம்புகளாக்கிவிடும்.

அச்சின் தரம் எந்திரத்துக்கு முன்பே, படக்கோப்பிலேயே முடிவாகிவிடுகிறது. 2000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு சதுரத்துக்குக் கிடைப்பது 500 பிக்சல். அதை 28 செ.மீ., அதாவது 11 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 45 புள்ளிகளே மிஞ்சும். தூரிகைத் தடம் மங்கிய கறையாகும். அங்குலத்துக்கு 150 புள்ளிகள் வேண்டுமானால் ஒரு சதுரத்துக்கு 1650 பிக்சலும், நான்கு நிரல்களுக்கு 6600 பிக்சலும் தேவைப்படும். ஆய்வுக்கு எடுத்த குடையில் நிறங்கள் நன்றாக வந்திருந்தும் விளிம்புகள் குழைந்திருப்பதற்கு இந்தக் குறைபாடே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன்.

குடையைப் பிடித்திருப்பவர் பார்ப்பது எதை என்ற கேள்வியைப் பல வடிவமைப்பாளர்கள் எழுப்புவதே இல்லை. எதிரில் வருபவர் ஒரே நேரத்தில் சில துண்டுகளை மட்டுமே காண்கிறார். முழு வளையமும் தெரிவது மேல்மாடியிலிருந்து பார்ப்பவருக்கு. உள்ளிருந்து பார்ப்பதோ உரியவர் மட்டுமே. அவர் காண்பது துணியின் பின்புறம்: வெளிச்சம் ஊடுருவி வரும், இடவலம் மாறிய ஓவியம். வட்டங்களுக்கு இடவலம் மாறுவதால் தீங்கில்லை. அண்டை உறவும் மாறாது. ஆனால் நிறங்கள் மாறுகின்றன. ஊடுருவும் ஒளியில் மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள் தாளில் ஒருபோதும் இல்லாத அளவுக்கு ஒளிர்கின்றன, அடர்நீலமும் கறுப்பும் ஒளியைத் தடுத்து இருண்டு நிற்கின்றன. வெயிலைத் தடுக்கக் கறுப்பு உட்பூச்சு கொடுத்த குடைகளில் இந்த அனுபவம் முழுவதும் மறைந்துவிடும். மழைக்கான குடை என்றால் உட்பூச்சைத் தவிர்ப்பதே நல்லது.

குடை கையில் சுழலக்கூடியது. அதற்கு மேல், கீழ் என்ற நிலையான திசை இல்லை. பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த தம் ஓவியத்தையே அடையாளம் தெரியாமல் கண்டு, அதன் அழகில் வியந்து நின்றதைக் காண்டின்ஸ்கி தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு அவருடைய ஓவியத்தை எப்படிச் சுழற்றினாலும் சரி என்று வாதிடுவது பொருந்தாது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்தபோது 1926-ல் வெளியிட்ட நூலில், ஓவியப் பரப்பின் மேற்பகுதிக்கு இலகுவும் கீழ்ப்பகுதிக்குக் கனமும் உண்டு என்று அவரே விரிவாக விளக்கினார். குடையாகும்போது ஓவியம் அந்தத் திசை வேறுபாட்டை இழக்கிறது. குடையின் இயல்பே சுழல்வது என்பதால் இந்த இழப்பைத் தடுக்க வழியில்லை.

உரிமையும் ஒளியும்

காண்டின்ஸ்கி 1944 டிசம்பர் 13 அன்று மறைந்தார். ஓவியர் மறைந்து 70 ஆண்டுகள் என்ற விதி உள்ள நாடுகளில் அவருடைய பதிப்புரிமை 2014-ன் இறுதியோடு முடிந்தது. 60 ஆண்டு விதி உள்ள இந்தியாவில் 2004-ன் இறுதியோடு முடிந்தது. பொதுவுடைமையான ஓவியத்தை அப்படியே பிரதியெடுக்கும் படத்துக்குப் புதிய உரிமை எழாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. அமெரிக்காவில் படைப்பு எப்போது, எவ்வாறு வெளியானது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுவதால் அங்கு விற்பவர் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். 1983-ல் மறைந்த ஸ்பானிய ஓவியர் மீரோவின் ஓவியத்தைக் குடையில் அச்சிட விரும்புபவர் 70 ஆண்டு விதி நாடுகளில் 2053-ன் இறுதிவரை அனுமதி பெற்றே ஆக வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் ஓவியரின் பெயர், ஆண்டு, மூலம் இருக்கும் அருங்காட்சியகம், தழுவல் என்ற குறிப்பு ஆகிய நான்கும் குடையின் கட்டுப்பட்டையில் தைக்கப்பட வேண்டும். இந்தக் குடையில் ஓவியரின் பெயர் மட்டுமே இருந்தது.

தாளில் தீட்டிய நீர்வண்ணங்களை அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவுக்கு மேற்படாத மங்கிய ஒளியில்தான் காட்சிக்கு வைக்கின்றன. நேர் வெயிலின் ஒளி ஒரு இலட்சம் லக்ஸை எட்டக்கூடியது. மூல ஓவியம் ஒருபோதும் போக முடியாத வெளிச்சத்துக்கும் மழைக்கும் இந்தக் குடை போகிறது. ஓவியத்தைப் பொருளில் அச்சிடுவதை மலினப்படுத்தல் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம். அதே வெளிச்சம் குடையின் சாயத்தையும் காலப்போக்கில் வெளிறச் செய்யும். நனைந்த குடையை விரித்து நிழலில் உலர்த்தினால் நிறமும் நிற்கும், துணியில் பூசணமும் கம்பியில் துருவும் ஏறாது.

பரிந்துரைக்கும் அமைப்பு

எட்டுக் கம்பிக் குடைதான் வேண்டும் என்றால், முன்பு சொன்ன மூன்று நிரல் சுற்று போதுமானது. பத்துக் கம்பிக் குடை என்றால் மூல ஓவியத்தின் வெளிச்சுற்றில் உள்ள பத்துச் சதுரங்களும் வரிசை குலையாமல் அமர்ந்துவிடும். நடுவிலுள்ள இரண்டு மட்டும் விடுபடும். ஆனால் இந்த ஓவியத்துக்கு உரிய குடை பன்னிரண்டு கம்பிக் குடையே. கட்டத்தின் மேல்வரிசையில் இடமிருந்து வலமாக நான்கையும் கடந்து, வலப்புற நிரல் வழியே அடிவரை இறங்கி, கீழ்வரிசையில் ஒரு சதுரம் இடப்புறம் நகர்ந்து, நடுவரிசைக்கு ஏறி, அங்கே ஒரு சதுரம் இடப்புறம் சென்று, மீண்டும் கீழிறங்கி, இடப்புற நிரல் வழியே தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால், பன்னிரண்டு சதுரங்களும் ஒரே வளையத்தில் அடங்குகின்றன. பன்னிரண்டு தையல்களிலும் மூலத்தின் எல்லைகளே நிற்கின்றன. 17-ல் 5 மட்டுமே போகின்றன. துண்டு குறுகுவதால் வட்டத்தின் விட்டம் 28 செ.மீ.யிலிருந்து ஏறத்தாழ 21 செ.மீ.யாகக் குறையும், கம்பிகள் கூடுவதால் எடையும் கூடும். இரண்டும் ஏற்கத்தக்க விலை என்றே கருதுகிறேன்.

இத்தகைய முழுச்சுற்றுக்கு இந்தக் கட்டத்தில் இருப்பது இரண்டே வழிகள்தாம்: ஒன்றில் மேல்வரிசை உடையாமல் நிற்கும், மற்றொன்றில் கீழ்வரிசை நிற்கும். எதைத் தேர்வது என்பதைத் திரையில் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டையும் துணியில் அச்சிட்டுத் தைத்து, திறந்த வானின் கீழ் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்து, நடுவரிசையின் இரண்டு சதுரங்களுக்கு எந்தச் சுற்றில் நல்ல அண்டை அமைகிறதோ அதையே தயாரிப்புக்கு அனுப்ப வேண்டும்.